எட்டடிக் கடைக்கு எத்தனை அடிக் கண்ணாடி?

காவேரிப்பட்டணத்தில் இருந்து ஒரு தையல்காரம்மா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார். ஆவணியில் கடை திறக்கிறாராம். “சார், கடை உள்ள எட்டடிதான் நீளம். பாதி இடத்தை மெஷினும் கட்டிங் டேபிளும் அடைச்சுக்கும். போட்டுப் பாக்கறவங்க மூணடி தூரத்துலதான் நிக்க முடியும். தலையில இருந்து கால் வரைக்கும் தெரியணும்னா எவ்ளோ பெரிய கண்ணாடி வேணும்? ஆசாரி ஆறடிக்கு ரெண்டடி வாங்கிடுங்கன்றார்.”

நாலடிக்கு இரண்டடி போதும் என்று சொன்னேன். மூன்றடி தூரத்தில் நின்றாலும் முப்பதடி தூரத்தில் நின்றாலும் அதே நாலடிதான் என்றும் சொன்னேன். முதலாவதை நம்பினார். இரண்டாவதைச் சொன்னதும், “சும்மா சொல்லாதீங்க சார், தள்ளி நின்னாத்தானே முழுசா தெரியும்?” என்று திருப்பிக் கேட்டார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகத்தான்.

படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்பதைப் பள்ளியில் எல்லோரும் எழுதியிருப்போம். அதை வைத்து நேராக அளவுக்கே போய்விடலாம். 5 அடி 4 அங்குலம், அதாவது 64 அங்குல உயரமுள்ள ஒரு பெண். கண் உச்சந்தலையில் இருந்து சுமார் 4 அங்குலம் கீழே, தரையில் இருந்து 60 அங்குலத்தில் இருக்கிறது. கால் விரலில் இருந்து கிளம்பும் ஒளி கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்கு வர வேண்டும். வந்த கோணமும் போன கோணமும் ஒன்றாக இருக்க வேண்டுமானால், காலுக்கும் கண்ணுக்கும் நடு உயரத்தில், 30 அங்குலத்தில் பட்டாக வேண்டும். உச்சந்தலையில் இருந்து வரும் ஒளி 60-க்கும் 64-க்கும் நடுவே, 62-இல் படும். 30-இல் தொடங்கி 62-இல் முடிந்தால் 32 அங்குலம். அவர் உயரத்தில் சரிபாதி.

இந்தக் கணக்கில் தூரம் எங்கேயாவது வந்ததா? வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம்.

கண்ணாடியை ஒரு ஜன்னலாக நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உங்கள் உயரத்திலேயே உங்கள் இரட்டைப் பிறவி நிற்கிறார். உங்கள் கண்ணில் இருந்து அவர் உச்சந்தலைக்கு ஒரு நூல், கால் விரலுக்கு ஒரு நூல் இழுத்துக் கட்டுங்கள். இரண்டு நூலும் உங்கள் கண்ணில் சேர்ந்து, அவரிடம் போய்ச் சேரும்போது அவர் உயரம் முழுவதற்கும் விரிந்திருக்கும். நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்களோ, அதே அளவு அந்தப் பக்கம் அவரும் தள்ளி நிற்பதால் ஜன்னல் எப்போதும் சரியாக நடுவில். நடுவில் நூல்களின் விரிவும் பாதி. நீங்கள் ஓரடி பின்னால் போனால் அவரும் ஓரடி பின்னால் போகிறார். ஜன்னல் மறுபடியும் நடுவிலேயே மாட்டிக்கொள்கிறது.

நிஜ ஜன்னலில் இப்படி நடக்காது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைப் பாறை முழுசாகத் தெரியும். உள்பக்க சீட்டுக்கு மாறினால் ஒரு துண்டுதான் தெரியும். நீங்கள் பின்னால் சாய்ந்தீர்கள் என்பதற்காகப் பாறை பின்னால் போகாது. கண்ணாடிக்குள் இருப்பவர் மட்டும்தான் உங்களோடு சேர்ந்து நகர்கிறார். பின்னால் போகப் போக உங்கள் உருவம் சிறியதாகத் தெரிவது உண்மைதான். அதே விகிதத்தில் கண்ணாடிச் சட்டமும் சிறியதாகத் தெரிகிறது. அதனால் சட்டத்துக்குள் நீங்கள் அடைக்கும் இடம் மாறுவதில்லை. குறைவது உங்களுக்குப் பின்னால் தெரியும் அறைதான்.

நம்பாதவர்களுக்கு ஒரு வழி. வீட்டுக் கண்ணாடியில் எப்படியும் நாலு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நேராக நிமிர்ந்து நின்று ஒரு கண்ணை மூடி, பிம்பத்தின் உச்சந்தலை தெரியும் இடத்தில் ஒரு பொட்டு, முகவாய்க்கட்டை தெரியும் இடத்தில் ஒரு பொட்டு. நான் ஒட்டியபோது இரண்டுக்கும் நடுவே டேப்பில் நாலரை அங்குலம் காட்டியது. என் முகம் ஒன்பது அங்குலம். அப்புறம் கட்டில் தடுக்கும் வரை பின்னால் போனேன். மேல் பொட்டு தலையிலேயே இருந்தது, கீழ்ப் பொட்டு முகவாயிலேயே இருந்தது. (கண்ணாடி சுவரோடு ஒட்டி நிமிர்ந்து இருக்க வேண்டும், தலை குனியக் கூடாது. பொட்டுகளைத் திருப்பி ஒட்டாவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பது இயற்பியலில் வராது.)

அப்படியானால் தள்ளி நின்றால் முழுசாகத் தெரியும் என்று ஊரே சொல்வது பொய்யா? பொய் இல்லை. அவர்கள் பார்த்த கண்ணாடி வேறு.

பாப்பாரப்பட்டியில் எங்கள் ஆயா வீட்டுக் கண்ணாடி மரச்சட்டம் போட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஆணியடித்துக் கம்பியில் தொங்கும். கீழ்ச்சட்டம் சுவரில் முட்ட, மேல்சட்டம் நம்மைப் பார்த்துக் குனிந்து நிற்கும். பழைய வீடுகளிலும் சலூன்களிலும் இந்தச் சாய்வைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்வு ஒரு வேலை செய்கிறது. கண்ணாடி 5 டிகிரி குனிந்தால், அதன் பரப்பில் இருந்து நேராக வெளியே நீளும் செங்குத்துக் கோடும் 5 டிகிரி குனியும். வரும் ஒளிக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே 5 டிகிரி, கோட்டுக்கும் போகும் ஒளிக்கும் இடையே இன்னொரு 5. மொத்தம் 10. கண்ணாடி திரும்பியதைப் போல இரண்டு மடங்கு ஒளி திரும்பிவிடுகிறது.

இனி கண்மட்டத்தில் நேராகப் பாருங்கள். மூன்றடி தூரத்தில் நிற்கும்போது அந்தப் பார்வை 10 டிகிரி கீழிறங்கித் திரும்பி வந்து, கண்ணுக்கு ஆறங்குலம் கீழே, கழுத்துப் பக்கத்தில் விழும். எட்டடி தள்ளி நின்றால் ஏறக்குறைய 17 அங்குலம் கீழே, வயிற்றுப் பக்கம். இன்னும் தள்ளிப் போனால் இன்னும் கீழே. ஆயா புடவைக் கொசுவத்தைச் சரிபார்க்கத் திண்ணை வரை பின்னாலேயே நடந்து போனது இதற்காகத்தான். ஆக, சாய்ந்த கண்ணாடிக்குத் தூரம் உண்டு, நிமிர்ந்த கண்ணாடிக்குக் கிடையாது. டிரெஸ்ஸிங் டேபிளிலும் வாஷ்பேசினிலும் தள்ளி நின்றால் கூடுதலாகத் தெரிவதுபோல் இருப்பது, நடுவில் பலகையும் தொட்டியும் மறைப்பதால். அது வேறு கதை.

இந்த இரண்டு மடங்குக் கணக்கை வைத்தே ஒரு கருவி உண்டு. கால்வனோமீட்டர் சுருளில் குட்டிக் கண்ணாடி ஒன்றை ஒட்டி, அதில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளியை அளவுகோலில் ஓட விட்டு, மிகச் சிறிய மின்னோட்டத்தைக்கூட அளப்பார்கள். நான் படித்த கல்லூரியில் அது இருந்தது, பூட்டிய பீரோவுக்குள். மூன்று வருடமும் படம் வரைந்து மதிப்பெண் வாங்கினோம். கருவி வாங்க ஒதுக்கும் பணத்தோடு, அது உடைந்தால் யாரையும் கேள்வி கேட்க மாட்டோம் என்ற உத்தரவையும் சேர்த்துக் கொடுத்தால் நம் ஊர் அறிவியல் உருப்படும் என்பது என் நெடுநாள் கருத்து.

சரி, கடைக்கு வருவோம். ஒருவருக்கு உயரத்தில் பாதி போதும், ஆனால் தையல் கடைக்குப் பலர் வருவார்கள். வருபவர்களில் உயரமானவர் 68 அங்குலம் என்று வைத்தால் கண் 64-இல், கண்ணாடியின் மேல் விளிம்பு 66-இல். யூனிஃபார்ம் அளவு கொடுக்க வரும் 40 அங்குலக் குழந்தைக்குக் கண் 36-இல், கீழ் விளிம்பு 18-இல். 66-இல் 18 போனால் 48. அதுதான் நாலடி. ஆசாரி சொன்ன ஆறடியைத் தரையில் நிறுத்தினால் கீழ் 18 அங்குலம் வெறும் தரையைக் காட்டும், மேல் 6 அங்குலம் தலைக்கு மேலே உள்ள சுவரைக் காட்டும். இரண்டு அடி அகலத்துக்கு நாலு சதுர அடி வீண். அகலத்திலும் இதே பாதிக் கணக்குதான். 24 அங்குலத்தில் 48 அங்குலம் தெரியும், கையைத் தூக்கிக் கக்கம் பிடிக்கிறதா என்று பார்க்கத் தாராளம்.

தெற்குச் சுவரில் கண்ணாடி மாட்டக் கூடாதாமே என்றும் கேட்டார். எந்தத் திசையில் மாட்டுவது என்று சொல்லக் காசு வாங்குகிறவர்கள் எந்த உயரத்தில் மாட்டுவது என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாட்டுங்கள் என்றேன். வெளிச்சம் மட்டும் நிற்பவர் முகத்தில் விழ வேண்டும், கண்ணாடியில் அல்ல.

இதைவிட முக்கியம், கண்ணாடி வளையாமல் இருப்பது. மெல்லிய கண்ணாடியைக் கோணலான சுவரில் ஸ்க்ரூ போட்டு முடுக்கினால் லேசாக வளையும். வளைந்த கண்ணாடி இடுப்பை அகலமாகக் காட்டினால் பழி தைத்தவர் தலையில்தான் விழும். ஐந்து எம்.எம். வாங்கச் சொன்னேன். கடையிலேயே டியூப்லைட்டின் பிம்பத்தைப் பார்த்தபடி தலையை மெல்ல ஆட்ட வேண்டும். கோடு நெளிந்தால் அந்தக் கண்ணாடி வேண்டாம்.

ஆவணி பிறந்து பத்து நாள் கழித்து மறுபடி பேசி அனுப்பினார். “நீங்க சொன்ன மாதிரியே பதினெட்டு அங்குலத்துல மாட்டியாச்சு சார், கால் வரைக்கும் தெரியுது. ஆனா வர்றவங்க எல்லாம் பழக்கத்துல பின்னாலயே போய் கட்டிங் டேபிள்ல இடிச்சுக்கறாங்க. டேபிள் முனைக்கு இப்ப பஞ்சு வெச்சுத் தச்சுட்டு இருக்கேன்.”