கிளிட்டர் எழுத்து ஏன் உரிகிறது?

கல்லூரி விழாக்காலம் வந்தால் வேலூர், காட்பாடிப் பக்கம் டி-ஷர்ட் கடைகளில் கிளிட்டர் வினைலுக்கு, அதாவது எழுத்தாக வெட்டிச் சூட்டில் துணிமேல் ஒட்டும் மினுமினுப்பான பிளாஸ்டிக் தாளுக்கு, கிராக்கி கூடிவிடும். பெயர் மினுமினுக்க வேண்டும், நாளைக் காலையே கைக்கு வர வேண்டும் என்பார்கள். அந்த அவசரத்தில் ஒட்டியது இரண்டாம் சலவையிலேயே ஓரம் தூக்கிக்கொள்ளும். பழி வினைல் ரோல்மேல் விழும். பெரும்பாலும் கோளாறு துணியிலும் அழுத்தத்திலும்தான்.

180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) பருத்தித் துணி இதற்கு நன்றாக ஒத்துவரும். கை வைத்தால் வழுக்குகிற அளவுக்கு மிருதுவாக வரும் டி-ஷர்ட்டுகளில் துணியை மிருதுவாக்கும் சிலிகோன் சாஃப்ட்னர் ஏற்றியிருக்கலாம். பசை நூலைப் பிடிக்க அது விடாது. அத்தகைய சரக்கில் ஒரு பீஸ் ஒட்டி, 24 மணி நேரம் கழித்துத் துவைத்துப் பார்க்காமல் ஆர்டரை ஏற்காதீர்கள். பாலியெஸ்டர் ஜெர்சியில் வேறு தொல்லை. 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் துணியின் சாயமே ஆவியாகி மேலேறும். சிவப்பு ஜெர்சியில் வெள்ளைக் கிளிட்டர் இளஞ்சிவப்பாகிவிடும். குறைந்த சூட்டில் ஒட்டும், சாயத்தைத் தடுக்கும் வகை கிடைக்காவிட்டால் வேலையை மறுப்பதே நேர்மை.

கிளிட்டர் சாதா வினைலைவிடத் தடிமன். வெட்டும் இயந்திரத்தில் 45 டிகிரி பிளேடு திணறினால் 60 டிகிரி போடுங்கள். டிசைனை மிரர் செய்து (இடவலமாகத் திருப்பி), வினைலைத் தாங்கும் பளபளப்பான பிலிம் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். முதலில் ஓரத்தில் சின்ன முக்கோணம் ஒன்றை வெட்டிப் பாருங்கள்: வினைல் அறுபட வேண்டும், பிலிம் அறுபடக் கூடாது. தமிழ் எழுத்தில் கூடுதல் கவனம் தேவை. மெய்யெழுத்தின் புள்ளியும் மெலிந்த சுழிகளும்தான் முதலில் உதிரும். தடித்த எழுத்துரு எடுத்து, எந்தக் கோடும் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல், புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடுங்கள்.

டி-ஷர்ட்டை ஹீட் பிரஸ்ஸில் (சூடான தட்டால் அழுத்தும் இயந்திரம்) வைத்ததும், வினைல் இல்லாமல் வெறுமனே 5 விநாடி அழுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பருத்தி ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அந்த ஈரம் நீராவியாகிப் பசைக்கு அடியில் நின்றால் பிடிப்பு இருக்காது. பிறகு வெட்டிய எழுத்தை வைத்து 160 டிகிரி, 15 முதல் 20 விநாடி, கெட்டியான அழுத்தம். ரோலில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதுவே சரி. காலர், தையல் மடிப்பு ஆகியவற்றின்மேல் தட்டு உட்கார்ந்தால் நடுவில் அழுத்தம் சேராது. டி-ஷர்ட்டுக்குள் ஃபோம் தலையணை வைத்து வேலைப் பகுதியை மேலே தூக்கிக்கொள்ளுங்கள். பிரஸ் ஆறியிருக்கும்போது நான்கு மூலையிலும் காகிதத் துண்டு வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எந்த மூலையில் காகிதம் எளிதாக வருகிறதோ அங்கேதான் எழுத்து உரியப்போகிறது. மின்சாரம் போய் வந்தால், திரையில் 160 தெரிந்த பிறகும் சில நிமிடம் பொறுங்கள்; தட்டின் ஓரங்கள் மெதுவாகத்தான் சூடேறும்.

பிலிமை உரிக்கும்போது ஓரம் கூடவே எழுந்தால், திரும்பப் படியவைத்து இன்னும் 5 விநாடி அழுத்துங்கள். இரண்டு நிறம் சேர்ப்பதானால் சாதா வினைல் அடியில், கிளிட்டர் மேலே. கிளிட்டரின் சொரசொரப்பின்மேல் வேறெதுவும் உறுதியாக நிற்காது. அடி அடுக்குக்கு 3 விநாடி போதும். முழு நேரம் கடைசி அடுக்குக்கு மட்டும்.

வீட்டு இஸ்திரிப் பெட்டியால் இந்த அழுத்தம் வராது.

டி-ஷர்ட்டோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தனுப்புங்கள்: முதல் நாள் துவைக்க வேண்டாம், உள்பக்கம் வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைக்கவும், பிளீச்சிங் கூடாது, கல்லில் அடிக்க வேண்டாம், மொட்டைமாடி வெயிலிலும் திருப்பியே காயப்போடவும், இஸ்திரி பின்பக்கம் மட்டும்.