கீறலே இல்லாத காஷான் கிண்ணமா? விளக்கை அணைத்துப் பாருங்கள்

பழைய மட்கலங்களைச் செப்பனிட்டுப் பாதுகாப்பது என் தொழில். ஈரானின் காஷான் நகரத்துக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும், "எண்ணூறு வருஷப் பழசு, ஒரு கீறல்கூடக் கிடையாது" என்பார்கள். எனக்குச் சந்தேகம் அங்கேதான் தொடங்கும்.

காஷான் கிண்ணத்தில் களிமண் மிகக் குறைவு. அவ்வூர்க் குயவர் குடும்பத்தைச் சேர்ந்த அபுல் காசிம் 1301இல் எழுதிவைத்த அளவு இது: குவார்ட்ஸ் பொடி பத்துப் பங்கு, கண்ணாடிப் பொடி ஒரு பங்கு, வெள்ளைக் களிமண் ஒரு பங்கு. இதில் வனைந்த கிண்ணம் மெல்லியதாக, வெள்ளையாக வரும். ஆனால் சுலபமாக உடையும். கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சைப் பூசிச் சுட்டபின், வெள்ளியும் செம்பும் கலந்த கலவையால் படம் எழுதி, காற்றைக் குறைத்த புகைச் சூளையில் மறுபடி சுட்டால் பொன்போல மின்னும். அதுதான் லஸ்டர். மினாய் என்ற இன்னொரு வகையில் கிளேஸின் மேல் பல வண்ணங்களில் குதிரை வீரர்களையும் அரசவைகளையும் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடி சுடுவார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை மண்ணிலிருந்து துண்டுகளாகத்தான் வெளிவந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஈரானின் பழைய நகரமான ரய் போன்ற இடங்களை விற்பனைக்காகவே தோண்டினார்கள். முழுக் கிண்ணத்துக்குத்தான் விலை. எனவே ஒன்றின் அடிப்பாகத்தோடு இன்னொன்றின் விளிம்பைச் சேர்த்து, பொருந்தாத ஓரத்தை அராவி, இடைவெளியில் பிளாஸ்டர் நிரப்பி, மேலே வண்ணம் தீட்டினார்கள்.

அண்மையில் ஒரு மினாய் கிண்ணத்தை இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். வெறும் கண்ணுக்கு ஒரே பரப்பாகத் தெரிந்த இடத்தில் ஒரு பட்டை ஆரஞ்சாக ஒளிர்ந்தது. பழைய அரக்குப் பூச்சு அப்படித்தான் ஒளிரும். படமெடுத்துக் குறிப்பெழுதிய பின், பஞ்சுக்குச்சியில் அசிட்டோன் தொட்டு மெல்ல உருட்டினேன். சூளையில் சுட்ட வண்ணம் அதற்கு அசையாது. இங்கே குதிரையின் பின்னங்கால்கள் இரண்டும் பஞ்சோடு வந்துவிட்டன. அடியில் வெறும் பிளாஸ்டர்.

நிரப்பியதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். நாங்களும் நிரப்புகிறோம், எங்கே நிரப்பினோம் என்று எழுதிவைக்கிறோம். அசல் துண்டின் ஓரத்தை அராவியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தத் துண்டுக்குரிய உண்மையான ஜோடி பிற்பாடு கிடைத்தாலும் இனிப் பொருத்த முடியாது.

வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால், தயவுசெய்து தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். பழைய பிளாஸ்டரும் பசையும் இளகிவிடும். உள்ளே இருக்கும் உப்பு கரைந்து, காயும்போது படிகமாகிக் கிளேஸைப் பெயர்த்துவிடும். மேலே வானவில் நிறத்தில் ஒரு படலம் மினுங்கினால் அது அழுக்கில்லை, லஸ்டரும் இல்லை. மண்ணில் கிடந்து சிதைந்த கிளேஸ்தான். தேய்த்தால் செதில் செதிலாக உதிரும். விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டாம், அடியில் கை கொடுங்கள். ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், வாங்க நினைப்பவர்களுக்கு. ஈரானின் வராமின் ஊரில் இமாம்சாதே யஹ்யா அடக்கத்தலத்தின் சுவர்களை மூடியிருந்த 1260களின் லஸ்டர் ஓடுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெயர்த்தெடுத்து விற்றார்கள். இன்று அவை பல நாட்டு அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. அபுல் காசிமின் தந்தை அலி இப்னு முகம்மது கையொப்பமிட்ட 1265ஆம் ஆண்டு மிஹ்ராப் (தொழுகைத் திசையைக் காட்டும் மாடம்), ஹவாயின் ஹொனலுலுவில் இருக்கிறது. எனவே விலை பேசுமுன், அது எந்த இடத்தில் கிடைத்தது, எப்போது நாட்டைவிட்டு வெளியேறியது, யார் யார் கைக்கு மாறியது என்பதற்கான காகிதங்களைக் கேளுங்கள். எதுவுமே இல்லை என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.