முழங்கால் தண்ணீர் பாலத்தைச் சாய்க்குமா?

சென்னை அடையாறு முகத்துவாரத்தில் நிற்கும் உடைந்த பாலத்தைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கோடையில் போனால் தூணடியில் முழங்கால் அளவுதான் தண்ணீர் கிடக்கிறது. இதுவா ஒரு கான்கிரீட் பாலத்தை உடைத்தது? அங்கே மறுபடி நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் பாலம் போடுவதென்றால், லாரியா போகப்போகிறது? சின்னதாக ஒன்றைக் கட்டிவிட முடியாதா?"

அந்தப் பாலம் 1967-ல் கட்டப்பட்டது. மீனவர்கள் அக்கரைக்கு நடந்து போய்வர உதவியது. 1977-ல் ஆற்றின் வேகத்தில் ஒரு பகுதி விழுந்துபோனது. மிச்சம் இன்னும் நிற்கிறது.

முதலில் லாரி விஷயத்தை முடித்துவிடலாம். கூட்டம் சேரக்கூடிய இடத்தில் நடைபாலத்துக்கு சதுர மீட்டருக்கு 500 கிலோ பாரம் என்று கணக்கு வைக்கிறார்கள். ஏழெட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு நிற்கும் நிலை அது. காணும் பொங்கலன்று மாலை கடற்கரைக்குப் போனவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது. 4 மீட்டர் அகலமும் 30 மீட்டர் நீளமும் உள்ள ஒரு கண்ணில், அதாவது இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட தளத்தில், அப்படிக் கூட்டம் நிறைந்தால் 60 டன். ஆகவே வண்டி போகாத பாலம் என்பதால் பாரம் குறைந்துவிடாது. ஆனாலும் பாரத்தைத் தாங்குவது எளிய வேலைதான். கடினமான வேலை தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

மெரினாவில் அலை திரும்பும் இடத்தில் வெறுங்காலோடு நின்றிருப்பீர்கள். அலை பின்வாங்கும்போது குதிகாலைச் சுற்றி மணல் குறுகுறுவென்று ஓடும். இரண்டு மூன்று அலைகளில் குதிகால் பள்ளத்தில் இறங்கி, உடம்பு பின்னால் சாயும். சற்றுத் தள்ளியுள்ள மணல் அப்படியே இருக்கும், உங்கள் காலடி மட்டும் பறிபோகும். கணுக்கால் நனையாத தண்ணீர்தான் இதைச் செய்கிறது. பாலத்தூணுக்கும் இதே கதிதான். பொறியாளர்கள் இதை ஸ்கவர் என்பார்கள். தூணடி அரிப்பு என்று நாம் சொல்லலாம்.

ஓடும் தண்ணீரின் வேகம் மேலிருந்து கீழ்வரை ஒன்றாக இருப்பதில்லை. தரையோடு உரசுவதால் அடியில் மெதுவாகவும், மேலே வேகமாகவும் ஓடும். வெள்ளத்தில் மேல்மட்டம் வினாடிக்கு 3 மீட்டர், தரையருகே 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தண்ணீர் ஒரு தூணில் முட்டி நிற்கிறது. நின்ற வேகம் அழுத்தமாக மாறும்: அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அந்த அழுத்தம் கிடைக்கும். மேலே 4,500 பாஸ்கல், கீழே வெறும் 500. வேகம் மூன்று மடங்குதான், ஆனால் வர்க்கம் என்பதால் அழுத்தம் ஒன்பது மடங்கு. இடையிலுள்ள 4,000 பாஸ்கல் வித்தியாசம் 40 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தண்ணீர் போயாக வேண்டும். பக்கவாட்டில் விலகிப் போனது போக, மீதி தூணின் முகத்தை ஒட்டியே நேர் கீழே பாய்கிறது. ஆற்றின் குறுக்கே ஒரு தூணை நட்டதன் மூலம், தரையை நோக்கிப் பீய்ச்சும் ஒரு குழாயை நாமே திறந்துவிடுகிறோம்.

கீழே பாய்ந்த நீர் மணலைக் குடைந்து, எதிரே வரும் ஓட்டத்தில் மோதிச் சுருள்கிறது. சுருண்டது அங்கேயே நிற்பதில்லை. ஓட்டம் அதைத் தூணின் இரு பக்கமாகவும் இழுத்து வளைக்கிறது. மேலிருந்து பார்க்க முடிந்தால் தூணுக்கு லாடம் கட்டியது போல ஒரு சுழல் தெரியும். இந்த லாடச்சுழல் மணலைத் தோண்டிப் பக்கவாட்டில் தள்ளுகிறது. தூணுக்குப் பின்னால் இடதும் வலதுமாக மாறி மாறிச் சிறு சுழிகள் கழன்று போகின்றன. அவற்றின் நடுவில் அழுத்தம் குறைவு, எனவே தள்ளிவிடப்பட்ட மணலை அவை உறிஞ்சித் தூக்கி ஓட்டத்தில் விட்டுவிடுகின்றன. ஒன்று தோண்ட, ஒன்று அள்ளிப் போகிறது. பள்ளம் ஆழமாக ஆகக் கீழ்ப்பாய்ச்சல் விரிந்து வலு குறைகிறது. மேலேயிருந்து உருண்டுவரும் மணலும் வெளியேறும் மணலும் சமமாகும்போது குடைதல் நிற்கிறது. அதற்குள் தூணின் அகலத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு ஆழம் போயிருக்கும். 1.2 மீட்டர் விட்டமுள்ள தூண் என்றால் 2 முதல் 3 மீட்டர்.

இதில் என்னை எப்போதும் வியக்க வைப்பது அடுத்து நடப்பதுதான். வெள்ளம் வடியும்போது வேகம் குறைகிறது, மேலேயிருந்து வரும் மணல் பள்ளத்தில் விழுந்து நிரப்பிவிடுகிறது. மூன்று நாள் கழித்துக் கம்பை விட்டுப் பார்த்தால் பழைய ஆழம்தான். பள்ளம் இருந்த சுவடே இருக்காது. நிரம்பிய மணலோ இறுகாத மணல். தூணைப் பிடிக்கும் வலு அதற்குக் குறைவு, அடுத்த வெள்ளத்தில் முதலில் போவதும் அதுதான். வாசகர் பார்த்த முழங்கால் தண்ணீர் கோடைத் தண்ணீர். வெள்ள நேரத்தில் தரை எவ்வளவு கீழே இருந்தது என்பதை அது சொல்லாது.

தரை இறங்கினால் தூணுக்கு என்ன? மண்ணுக்கு மேல் 6 மீட்டர் நின்ற தூண் 12 மீட்டர் ஆகிவிட்டால், உச்சியில் கொடுக்கும் அதே தள்ளுக்கு 8 மடங்கு வளையும். நீளத்தின் கனத்துக்கு ஏற்ப வளைவு கூடும் என்பதால் இரண்டின் கனம் எட்டு. தூண் முறிய வேண்டிய அவசியம்கூட இல்லை. கொஞ்சம் சாய்ந்தாலே மேல்தளம் தாங்கியிலிருந்து நழுவிவிடும்.

முகத்துவாரத்தில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. சென்னைக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. இங்கே ஓதம் ஏறி இறங்குவது சுமார் 1 மீட்டர்தான். அந்த வலுவில்லாத ஓட்டத்தால் வாயைத் திறந்து வைக்க முடியாமல் மணல் திட்டு வந்து அடைக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகி அந்தத் திட்டை உடைக்கும்போது, மொத்தத் தண்ணீரும் உடைந்த வாய் வழியே முண்டிக்கொண்டு ஓடும். தூண் இல்லாவிட்டாலும் அங்கே தரை மீட்டர் கணக்கில் இறங்கும். அதன் மேல்தான் தூணடிப் பள்ளம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து மட்டும் வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி திறக்கப்பட்டது, அதாவது 800 கன மீட்டருக்குச் சற்று மேல். வழியில் சேர்ந்த வெள்ளம் தனி. 800-ஐ மட்டும் எடுத்து, வாய் 80 மீட்டர் அகலம் என்று வைத்தால், ஒரு மீட்டர் அகலத்தில் வினாடிக்கு 10 கன மீட்டர் போகிறது. நம் நாட்டில் பாலங்களுக்குப் பயன்படுத்தும் லேசி சூத்திரம் இது: இந்த 10-ஐ வர்க்கப்படுத்தி, மணலின் பருமனைக் காட்டும் எண்ணால் வகுத்து, கனமூலம் எடுத்து, 1.34-ஆல் பெருக்க வேண்டும். கால் மில்லிமீட்டர் மணலுக்கு அந்த எண் 0.88. விடை 6.5 மீட்டர்: வெள்ள மட்டத்திலிருந்து அரிக்கப்பட்ட தரை வரையுள்ள ஆழம் அது. தூணடியில் அதை இரண்டு மடங்காக்க வேண்டும், ஆக வெள்ள மட்டத்திலிருந்து 13 மீட்டர் கீழே வரை மண்ணே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் தூணை வடிவமைக்க வேண்டும். பிடிமானம் அதற்கும் கீழே தொடங்குகிறது. பாறை முன்னதாகத் தட்டுப்படாவிட்டால் பைல், அதாவது தூணைத் தாங்க மண்ணுக்குள் இறக்கும் நீண்ட கால், 20, 25 மீட்டர் இறங்குவது சாதாரணம். நடைபாலத்துக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டால், மேலே நடப்பவரா லாரியா என்று தண்ணீர் பார்ப்பதில்லை.

செலவைக் குறைக்க எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை, இரு கரையிலிருந்தும் மண்ணைக் கொட்டி மேடாக்கிப் பாலத்தின் நீளத்தைச் சுருக்குவது. இதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. வாயின் அகலத்தைப் பாதியாக்கினால் மீட்டருக்கு ஓடும் தண்ணீர் இரட்டிப்பாகும், லேசி ஆழம் 59 சதவீதம் கூடும். மண்ணில் மிச்சம் பிடித்த பணத்தை விடப் பல மடங்கு தூணில் போய்விடும்.

தூணின் வடிவமும் முக்கியம். 1 மீட்டர் தடிமனும் 6 மீட்டர் நீளமும் உள்ள சுவர் போன்ற தூண், ஓட்டத்துக்கு நேராக இருக்கும்வரை 1 மீட்டர் முகத்தைத்தான் காட்டும். ஓட்டம் 15 டிகிரி திரும்பினால் அது காட்டும் அகலம் 2.5 மீட்டர். முகத்துவாரத்தில் ஓட்டத்தின் திசை வருடா வருடம் மாறும். ஆகவே எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே அகலம் காட்டும் ஒற்றை உருண்டைத் தூண்தான் அங்கே சரி. பைல்களைச் சேர்த்துக் கட்டும் பைல் கேப்பைத் தரை மட்டத்தில் வைக்கக் கூடாது. தரை இறங்கியதும் அந்த அகலமான கான்கிரீட் கட்டியே பெரிய தூணாகிப் பெரிய பள்ளத்தைப் பறிக்கும். தூணடியில் கல் கொட்டுவது நல்ல காப்புதான், ஆனால் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தைத் தாங்க ஒவ்வொரு கல்லும் 45 சென்டிமீட்டர் பருமனாவது இருக்க வேண்டும். அடியில் ஜியோடெக்ஸ்டைல் (தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் துணி) விரிக்காவிட்டால் கல்லிடுக்கு வழியே மணல் வெளியேறி, கல் மொத்தமும் உள்ளே புதைந்துவிடும். கொட்டிய கல்லை நம்பி விட்டுவிடவும் கூடாது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் 1987 ஏப்ரல் 5 அன்று விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள். தூணடிக் கல்காப்பு போய்விட்டிருந்தது, யாரும் அதைச் சரிசெய்திருக்கவில்லை.

அடையாறு பாலத்தைப் பேய் வசிக்கும் இடம் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாலம் நிற்க நரபலி வேண்டும் என்ற பேச்சையும் கிராமங்களில் கேட்டிருப்போம். இதைப் பொழுதுபோக்குக் கதை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 2019-ல் வங்கதேசத்தில் பத்மா பாலத்துக்கு மனிதத் தலைகள் தேவைப்படுகின்றன என்ற வதந்தி பரவி, ஒன்றுமறியாதவர்களைக் கும்பல்கள் அடித்தே கொன்றன. அந்தப் பாலம் எதனால் நிற்கிறது தெரியுமா? அங்கேயும் பிரச்சினை இதே மணல் அரிப்புதான். 3 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய்களை 120 மீட்டர் ஆழம் வரை அடித்து இறக்கினார்கள். பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கம் இதற்கு ஒதுக்கினால் அந்த வதந்திக்கு வாயில்லை.

ஆராய்ச்சிக்கும் சரியான பணம் வர வேண்டும். பூண்டியில் 1944 முதல் நீரியல் ஆய்வு நிலையம் இருக்கிறது, சென்னை ஐஐடியில் கடல்சார் பொறியியல் துறை இருக்கிறது. தொட்டியில் மாதிரி செய்து பார்க்கத் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் உண்மையான ஆற்றில், உண்மையான வெள்ளத்தில், தூணடியில் அளந்த எண்கள்தான் சூத்திரங்களைத் திருத்தும். இரண்டு மூன்று ஆண்டுத் திட்டத்துக்குப் பணம் கொடுத்தால், அந்த ஆண்டுகளில் பெரிய வெள்ளம் வராமலே போகலாம். பத்துப் பதினைந்து ஆண்டு காத்திருக்கும் கருவிக்குப் பணம் ஒதுக்குவதுதான் இந்தத் துறைக்குப் பொருந்தும்.

உப்பைப் பற்றிச் சுருக்கமாக. தூணில் எந்தப் பகுதி முதலில் கெடும்? எப்போதும் கடல்நீரில் மூழ்கிக் கிடப்பதுதான் என்று தோன்றும். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456 வேறு மாதிரி சொல்கிறது. முழுக்க மூழ்கிய கான்கிரீட்டை 'கடுமை' என்ற வகையில் வைத்து எம்30 போதும் என்கிறது (எம் என்பது கான்கிரீட்டின் வலுவைக் காட்டும் தர எண்). ஓதம் ஏறி இறங்கும் பட்டையை 'உச்சம்' என்ற வகையில் வைத்து, குறைந்தது எம்40, தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.40-க்கு மிகாமல், கம்பிக்கு மேல் 75 மில்லிமீட்டர் கான்கிரீட் என்கிறது. துரு பிடிக்க உப்பும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். ஆழத்தில் உப்பு உண்டு, ஆக்சிஜன் கிடைப்பது அரிது. ஓதப் பட்டையில் இரண்டும் தாராளம். நனைந்து காயும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் உள்ளே தங்கிச் சேர்கிறது. வேலை நடக்கும் இடத்தில் அதிகம் தவறுவது இந்த 75 மில்லிமீட்டர்தான். கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் இடையே இடைவெளி காக்கும் கவர் பிளாக்கைச் சரியாகக் கட்டாமல் கான்கிரீட் ஊற்றினால் கம்பிக்கூடு ஒரு பக்கம் ஒதுங்கி, அங்கே 40 மில்லிமீட்டர்தான் மிஞ்சும்.

பாலம் மெலிதாக இருந்தால் ஆட்டமும் கவனிக்க வேண்டியது. மனிதர் நடக்கும்போது வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறார், இடம் வலமாக வினாடிக்கு ஒருமுறை தள்ளுகிறார். லண்டன் மில்லேனியம் பாலம் 2000 ஜூன் 10 அன்று திறந்தபோது பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. ஆட்டத்துக்கு ஏற்ப ஆட்கள் காலை அகட்டி வைக்க, ஆட்டம் இன்னும் கூடியது. இரண்டே நாளில் மூடி, அதிர்வுத் தணிப்பான்கள் பொருத்தி 2002-ல்தான் திறந்தார்கள். நடப்பவர்களின் இந்தப் பக்கவாட்டுத் தள்ளலை வரைபடத்திலேயே கணக்கில் எடுத்திருந்தால் தவிர்க்கக்கூடிய செலவு இது.

சைக்கிளுக்காகச் செய்ய வேண்டியவை சிறியவைதான், ஆனால் பாலத்தின் நீளத்தையே மாற்றிவிடும். மிதிப்பவரின் உடல் உயரத்தில் இருப்பதால் கைப்பிடிச் சுவர் 1.4 மீட்டர் வேண்டும். ஏற்றம் 20-க்கு 1 என்ற சரிவுக்குள் இருந்தால்தான் சக்கர நாற்காலியும் குழந்தை உட்கார்ந்த சைக்கிளும் ஏறும். கீழே மீனவர்களின் ஃபைபர் படகு போக வேண்டி, தளத்தைக் கரையிலிருந்து 4 மீட்டர் உயர்த்தினால் ஒவ்வொரு பக்கமும் 80 மீட்டர் சாய்வுதளம் வரும். அதையும் மண்மேடாகப் போடாமல் தூண் மேல்தான் கொண்டுபோக வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான். விரிவிணைப்புகள் (வெயிலில் தளம் விரிய விட்டிருக்கும் இடைவெளிகள்) பாதைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், சாய்வாக இருந்தால் டயர் மாட்டும். பெசன்ட் நகர் மணலில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமைகள் முட்டையிட வருகின்றன, வெளிச்சம் அவற்றின் வழியைக் குழப்பிவிடும். ஆகவே விளக்குகள் கைப்பிடிக்குள்ளேயே, தரையை மட்டும் பார்த்தபடி, மஞ்சள் நிறத்தில் இருக்கட்டும்.

கட்டி முடித்த பிறகு ஒரு கருவி. தூணை ஒட்டி ஒரு குழாயை மணலுக்குள் ஆழமாக இறக்கி, அதைச் சுற்றிக் காந்தம் பதித்த கனமான வளையம் ஒன்றைத் தரைமேல் உட்கார வைக்கிறார்கள். வெள்ளத்தில் தரை இறங்கினால் வளையமும் கூடவே இறங்கும். வெள்ளம் வடிந்து மணல் வந்து மூடும்போது வளையம் மேலேறாது, புதைந்து அங்கேயே கிடக்கும். குழாய்க்குள் காந்த உணரியை விட்டால் வளையம் கிடக்கும் ஆழம் தெரியும். ஜனவரியில், மழை ஓய்ந்து தூணடியில் முழங்கால் தண்ணீர் மட்டும் கிடக்கும்போது, நவம்பரில் தரை எங்கே இருந்தது என்பதை அதிலிருந்து படித்துக்கொள்ளலாம்.