மலையைச் செலவழித்த தோட்டம்

எங்கள் குடியிருப்பில் நான்கு மாடிகள். தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில். நான்காம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டு ஷவரில் தண்ணீர் அழுது வடியும். தரைத்தளத்துக்காரர் வீட்டில் அதே ஷவர் முதுகில் குத்தும். தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் தண்ணீர் நன்றாக வரவேண்டும் என்று தோன்றும், ஆனால் தண்ணீருக்கு அந்த நியாயம் தெரியாது. தனக்கு மேலே எத்தனை மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. 10 மீட்டர் உயரத்துக்குச் சுமாராக ஒரு வளிமண்டல அழுத்தம். இந்த ஒரே கணக்கை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் ஒரு குடும்பம் 300 வருடங்களுக்கு மேலாகத் தோட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது.

டெர்பிஷையரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகை டெவன்ஷையர் டியூக்குகளான கேவெண்டிஷ் குடும்பத்தின் கிராமத்து வீடு. வீடு என்று சொன்னாலும் அரண்மனைதான். 1549-இல் அந்த நிலத்தை வாங்கினார்கள். வீட்டுக்கு மேற்கே டெர்வென்ட் ஆறு ஓடுகிறது. கிழக்கே சரேலென்று ஒரு குன்று, அதன் மேல் காடு, அதற்கும் மேலே மணற்கல் பாறை மீது கிடக்கும் ஈரமான மேட்டு நிலம். மழை பெய்வது மேலே, வீடு இருப்பது நடுவில், ஆறு கீழே. இடையில் 100 மீட்டருக்கும் அதிகமான உயரம் சும்மா கிடந்தது. சாட்ஸ்வொர்த் தோட்டத்தின் வரலாறு என்பது அந்த உயரத்தை யார் எப்படிச் செலவழித்தார்கள் என்பதுதான்.

முதல் டியூக் அதைச் சத்தத்துக்காகச் செலவழித்தார். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் எல்லோரும் பிரெஞ்சுத் தோட்டங்களைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்த நேரம். அவர் கிரிய்யே என்ற பிரெஞ்சு நீரியல் வல்லுநரை வரவழைத்து, குன்றின் சரிவில் 1696-இல் ஒரு படியருவி கட்டவைத்தார். 1701-இல் அதையே இன்னும் நீளமாக்கிக் கட்டினார்கள். உச்சியில் 1703-இல் ஒரு சிறிய கல்மண்டபமும் வந்தது. அதன் கூரையிலும் சிற்பங்களின் வாயிலும் தண்ணீர் வழிந்து, கீழே 24 படித்தொகுதிகளில் இறங்குகிறது.

சத்தத்துக்காக என்று சொன்னேன். அந்த 24 தொகுதிகளும் ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் படிகள் அதிகம், இன்னொன்றில் குறைவு. ஒன்றில் படி அகலம், இன்னொன்றில் குறுகல். அருகே நடந்து இறங்கினால் தண்ணீரின் ஓசை இடத்துக்கு இடம் மாறும்.

ஏன் மாறுகிறது? விழும் தண்ணீரின் சத்தம் பெரும்பாலும் தண்ணீர் போடும் சத்தம் அல்ல. தண்ணீர் விழும்போது காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்படிச் சிக்கிய ஒவ்வொரு காற்றுக்குமிழியும் ஒரு குட்டி மணி போலச் சுருங்கி விரிந்து அதிர்கிறது. நெதர்லாந்து-பெல்ஜிய இயற்பியலாளர் மின்னார்ட் 1933-இல் இதற்குக் கணக்குப் போட்டார். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 3,300 முறை அதிரும்; 1 சென்டிமீட்டர் ஆரமுள்ளது 330 முறை. சின்னக் குமிழி கீச்சென்கிறது, பெரிய குமிழி குமுறுகிறது. உயரமான படியிலிருந்து தடிமனாக விழும் தண்ணீர் பெரிய குமிழிகளையும் சேர்த்து விழுங்கும். தாழ்வான படியில் மெல்லிய ஏடாக நழுவும் தண்ணீர் சில்லறைக் குமிழிகளோடு சலசலக்கும். கிரிய்யேவுக்கு இந்தச் சமன்பாடு தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. காது இருந்தது, போதும்.

இதே தோட்டத்தில் 1690-களிலேயே செம்பில் செய்த ஒரு போலி வில்லோ மரமும் இருந்தது. பக்கத்தில் விருந்தாளி வந்து நின்றதும் யாரோ மறைவில் குழாயைத் திறப்பார்கள். கிளைகளெல்லாம் தண்ணீரைப் பீய்ச்சும். பட்டும் ஜரிகையுமாக வந்தவர் நனைந்து நிற்பார். அந்தக் காலத்துப் பணக்காரர்களின் நகைச்சுவை. பலமுறை மாற்றிச் செய்யப்பட்டு, அந்த மரம் இன்றும் பீய்ச்சுகிறது.

வீட்டின் தெற்கே கோலம் போட்டது மாதிரி பாத்திகளும் பாதைகளும் கொண்ட ஒரு பெரிய பூந்தோட்டத்தை 1699-இல் அமைத்தார்கள். 1730-களில் ரசனை மாறியது. எல்லாவற்றையும் மூடிப் புல்தரை ஆக்கிவிட்டார்கள். 2018 ஜூலையில் கடும் வறட்சி வந்தபோதுதான் வேடிக்கை. காய்ந்து பழுப்பான புல்தரையில் பழைய தோட்டத்தின் வடிவம் அப்படியே தெரிந்தது. பழைய சரளைப் பாதைகளுக்கு மேலே மண் ஆழம் குறைவு. அங்கே புல் முதலில் கருகும். பாத்திகள் இருந்த இடத்தில் மண் ஆழம் என்பதால் பசுமை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஏறத்தாழ 300 வருடம் புதைந்து கிடந்த வரைபடத்தைப் புல்லின் தாகம் வரைந்து காட்டியது. அப்புறம் மழை வந்தது, புல் துளிர்த்தது, படம் அழிந்தது.

1760 வாக்கில் நான்காம் டியூக்குக்கு வேலை செய்ய வந்தவர் 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்ற தோட்ட வடிவமைப்பாளர். நேர்க்கோடுகள் எதுவும் அவருக்கு ஆகாது. குளங்களை மண் போட்டு மூடினார், சரிவுகளை வழவழவென்று புல்லாக்கினார், ஆற்றின் போக்கையே கொஞ்சம் திருத்தி, எல்லாம் இயற்கையாகவே அப்படி இருந்ததுபோலக் காட்டினார். படியருவியை மட்டும் விட்டுவைத்தார்கள். நல்லவேளை. பிரவுனின் தோட்டங்கள் எல்லோருக்கும் பிடிக்கின்றன. எனக்கு மட்டும், இத்தனை ஆள்பலத்தைப் போட்டுவிட்டு ஒன்றுமே செய்யாததுபோல நிற்பது கொஞ்சம் பாசாங்காகத்தான் படுகிறது.

சரி, இனி கதாநாயகனுக்கு வருவோம். 1826 மே 9, அதிகாலை நாலரை மணி. ஜோசப் பாக்ஸ்டன் என்ற 22 வயது இளைஞர் தலைமைத் தோட்டக்காரர் வேலைக்கு வந்து சேர்கிறார். கதவு திறக்க ஆளில்லை, மதிலேறிக் குதிக்கிறார். தோட்டம் முழுக்கச் சுற்றிப் பார்க்கிறார். 6 மணிக்கு ஆட்களை வேலைக்கு விடுகிறார். நீரூற்றுகளைத் திறந்துவிடச் சொல்லி வேடிக்கை பார்க்கிறார். காலைச் சாப்பாட்டில், வீட்டு நிர்வாகம் பார்த்த அம்மாளின் உறவுப்பெண் சாராவிடம் மனதைப் பறிகொடுக்கிறார். அப்போது மணி 9 கூட ஆகவில்லை. இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். மறு வருடம் கல்யாணமும் ஆனது.

வேலை கொடுத்த ஆறாம் டியூக் அன்று ஊரில் இல்லை; புதிய ஜார், அதாவது ரஷ்யச் சக்கரவர்த்தி, முதலாம் நிக்கோலஸின் முடிசூட்டு விழாவுக்கு ரஷ்யா புறப்பட்டுப் போயிருந்தார். இந்த விவரம் பின்னால் வேண்டியிருக்கும்.

பாக்ஸ்டன் 1836-இல் தொடங்கி 1841-க்குள் ஒரு பிரம்மாண்டமான கண்ணாடி வீடு கட்டினார். 277 அடி நீளம், 123 அடி அகலம். கூரை சமதளமாக இல்லாமல் வரப்பும் வாய்க்காலும் போல மடிந்து மடிந்து போகும். காலை, மாலைச் சாய்வு வெயில் அந்த மடிப்புகளில் நேராக விழுந்து உள்ளே இறங்கும். உச்சி வெயிலோ சாய்வாகப் பட்டுச் செடிகளைப் பொசுக்காது. உள்ளே 8 கொதிகலன்கள், 7 மைல் வெந்நீர்க் குழாய். முதல் உலகப் போரில் நிலக்கரி கிடைக்காமல் செடிகள் குளிரில் செத்தன. 1920-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒரே வெடியில் அது விழவும் இல்லை.

அவர் மொரீஷியஸிலிருந்து வந்த ஒரு வாழைக் கன்றையும் வளர்த்தார். 1835 நவம்பரில் அது பூத்தது. முதலாளி குடும்பத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: கேவெண்டிஷ். தேனிப் பக்கம் விளைந்து பெட்டி பெட்டியாகப் போகும் ஜி-9, அந்தக் கேவெண்டிஷ் வகையைச் சேர்ந்ததுதான். பழமுதிர்ச்சோலையில் மஞ்சள் மாறாமல் அடுக்கியிருப்பதற்குப் பின்னால் ஒரு ஆங்கிலேயப் பிரபுவின் பெயர் இருக்கிறது. ருசியில் பூவன் பக்கம்தான் நான்.

1843 கடைசியில், ஜார் நிக்கோலஸ் மறு வருடம் இங்கிலாந்து வரக்கூடும் என்ற செய்தி டியூக்குக்குக் கிடைத்தது. ரஷ்யாவின் பீட்டர்ஹோஃப் அரண்மனையில் இருக்கும் ஜாரின் நீரூற்றுகளைவிட உயரமான ஒன்று தன் வீட்டில் இருக்கவேண்டும் என்று ஆசை வந்தது. பாக்ஸ்டன் மலைக்கு மேலே பார்த்தார். வீட்டைவிட 350 அடி, அதாவது சுமார் 107 மீட்டர் உயரத்தில், மேட்டு நிலத்தில் 8 ஏக்கர் ஏரி ஒன்றை வெட்டினார்கள். மழைநீரைத் திரட்டிவர இரண்டரை மைல் வாய்க்கால். தோண்டிய மண் மட்டும் ஒரு லட்சம் கன கெஜம். தீவெட்டி வெளிச்சத்தில் இரவிலும் வேலை நடந்து, ஆறே மாதத்தில் முடிந்தது.

படியருவிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். படியருவி திறந்த வழி. ஒவ்வொரு படியிலும் தண்ணீர் விழுந்து, உடைந்து, நுரைத்துத் தன் ஆற்றலை அங்கேயே தொலைத்துவிடுகிறது. அணையின் உபரிநீர் வழியில் படி கட்டுவதும் இதற்காகத்தான், வேகத்தைக் கொல்ல. கீழே வந்து சேரும்போது தண்ணீரிடம் ஒன்றும் மிச்சமில்லை. பாக்ஸ்டன் செய்தது எதிர்மாறு. ஏரியிலிருந்து கீழ்க்குளம் வரை சுமார் அரை மைலுக்கு 15 அங்குல வார்ப்பிரும்புக் குழாய் பதித்தார். மூடிய குழாயில் உயரம் தொலைவதில்லை, அழுத்தமாகச் சேர்ந்துகொண்டே வருகிறது. அடியில் வந்து பார்த்தால் 10 வளிமண்டலத்துக்கும் மேல். அந்த 15 அங்குல வாயை ஒரு தட்டால் மூடினால், தண்ணீர் அதைத் தள்ளும் விசை சுமார் 12 டன். பாரம் ஏற்றிய ஒரு லாரி ஏறி நிற்பதுபோல.

ஏன் அவ்வளவு பெரிய குழாய்? தண்ணீர் குழாயில் ஓடும்போது சுவரோடு உரசி இழக்கும் உயரம், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும்; குழாய் குறுகினால் இன்னும் கூடும். அதே அளவு தண்ணீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் அனுப்பினால் வேகம் நான்கு மடங்காகும், உராய்வு இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகும். எங்கள் குடியிருப்பின் முக்கால் அங்குலப் பிளாஸ்டிக் குழாய் ஞாபகம் வந்து பெருமூச்சு விட்டேன். குழாய்க்குள் தண்ணீரை மெதுவாக நடக்கவிட்டு, கடைசியில் ஒரு சின்ன முனை வழியே மட்டும் ஓடவிடுவதுதான் சூத்திரம்.

107 மீட்டர் உயரத்தின் அழுத்தம் முழுக்க வேகமாக மாறினால் தண்ணீர் மணிக்குச் சுமார் 165 கிலோமீட்டரில் பாயும். திரும்ப அதே 107 மீட்டருக்கு எழும். அது காகிதக் கணக்கு. குழாய் ஒரு பங்கு பிடித்துக்கொள்கிறது. காற்று ஒரு பங்கு பிடுங்குகிறது. உச்சியிலிருந்து திரும்பி விழும் துளிகள் ஏறி வரும் தண்ணீரின் தலையிலேயே மோதுகின்றன. இத்தனைக்கும் பிறகு எம்பரர் (சக்கரவர்த்தி) என்ற இந்த நீரூற்று எழுந்த அதிகபட்ச உயரம் 296 அடி, 90 மீட்டர். மலை கொடுத்ததில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வீண். ஒரு துளி முனையை விட்டுக் கிளம்பி உச்சியைத் தொட 4 நொடிக்கு மேல் ஆகும். பக்கத்தில் நிற்பவர் அண்ணாந்து பார்க்கும்போது அது இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

வால்வைத் திறப்பதிலும் மூடுவதிலும் அவசரம் கூடாது. வீட்டில் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டங்' என்று ஒரு அடி கேட்கும் அல்லவா? ஓடிவந்த தண்ணீர் திடீரென்று நின்றதால் எழும் அழுத்த அலை அது. இங்கே அரை மைல் குழாயில் இருக்கும் தண்ணீரே 90 டன் தேறும். அதைச் சட்டென்று நிறுத்துவது ரயில் பெட்டிகளைச் சுவரில் மோதவிடுவது மாதிரி, வார்ப்பிரும்பு பிளந்துவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருகவேண்டும், நீரூற்றும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வளரும்.

1844-இல் ஜார் இங்கிலாந்துக்கு வந்தார். சாட்ஸ்வொர்த்துக்கு வரவில்லை. நீரூற்றுக்குச் 'சக்கரவர்த்தி' என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அதே உயரத்துக்கு 1893-இல் இன்னொரு வேலை கிடைத்தது. நீரூற்றுக்கான மலைத்தண்ணீரை விசையாழியில் விட்டு வீட்டுக்கு மின்சாரம் எடுத்தார்கள். 107 மீட்டர் இறங்கும் 1,000 லிட்டர் தண்ணீரில் 0.29 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஒரு மின்விசிறியை மூன்று, நாலு மணி நேரம் சுற்றவைக்கலாம். அடே, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் 8 ஏக்கர் ஏரி, விடாத மழை. 1936 வரை அந்த விசையாழி ஓடியது. பிறகு பொது மின்சாரம் வந்தது, நிறுத்தினார்கள். 1988-இல் புதிதாக ஒன்று வாங்கி மறுபடியும் ஓட்டத் தொடங்கினார்கள்.

படியருவியின் கடைசிப் படியில் தண்ணீர் தரைக்குள் போய் மறைந்துவிடும். பார்க்கிறவர்கள் அத்தோடு முடிந்தது என்று திரும்பி நடப்பார்கள். கீழே ஒரு குழாய் அதை வாங்கித் தெற்குப் புல்தரையில் உள்ள கடற்குதிரை நீரூற்றுக்குக் கொண்டுபோகிறது. அங்கே ஒருமுறை எழுந்து விழுந்த தண்ணீர் இன்னும் கொஞ்சம் கீழே மேற்குத் தோட்டத்து நீரூற்றில் மறுபடியும் எழும்புகிறது. அதற்குப் பிறகுதான் டெர்வென்ட் ஆற்றில் விடுகிறார்கள்.