ஒளியிழை உணர்தல்: ஒரு சொல் விளக்கம்

கண்ணாடி இழைக்குள் ஒளியை அனுப்பி, இழை நெடுக நேரும் அசைவுகளை அறியும் முறை இது. ஆங்கிலத்தில் ஃபைபர் ஆப்டிக் சென்சிங். ஃபைபர் என்பது நார், இழை எனப் பொருள்படும் ஃபைப்ரா என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆப்டிக் கிரேக்கச் சொல், பார்வை சார்ந்தது. இரண்டும் சேர்ந்த 'ஃபைபர் ஆப்டிக்ஸ்' என்ற பெயரைப் பலரும் அறியச் செய்தவர், பஞ்சாபின் மோகாவில் பிறந்த இயற்பியலாளர் நரிந்தர் சிங் கபானி. 1960-இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் அது பரவியது.

தமிழில் ஒளிநார் என்றும் எழுதுகிறார்கள், ஒளியிழை என்றும் எழுதுகிறார்கள். ஒளியிழைதான் பொருத்தம் என்பேன். நார், வாழைமட்டையிலிருந்து உரித்து எடுப்பது. கண்ணாடியை உருக்கி, இழுத்து, முடியளவு மெல்லியதாக நீட்டினால் கிடைப்பது இழை.

சரி, சென்சிங்? இதை 'ஒளியிழை உணரி' என்று எழுதிவிட்டால் பொருள் தவறிவிடும். உணரி என்றதும் ஓரிடத்தில் பொருத்திய கருவிதான் நினைவுக்கு வரும். இங்கே இழை முழுவதுமே உணர்கிறது. ஒரு முனையிலிருந்து லேசர் துடிப்பை அனுப்பினால், கண்ணாடிக்குள் இருக்கும் நுண்ணிய சீரின்மைகளில் பட்டு ஒளி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. ராலே சிதறல் என்பார்கள். வானம் நீலமாகத் தெரியக் காரணமும் அதுதான். ஒரு மீட்டர் போய் வர ஏறக்குறைய 10 நானோ விநாடி ஆகும். ஆகவே திரும்பி வரும் நேரமே இடத்தைச் சொல்லிவிடும். அங்கே இழை இம்மியளவு இழுபட்டாலும் ஒளியின் கட்டம், அதாவது ஒளியலை ஏற்ற இறக்கத்தில் எங்கே நிற்கிறது என்பது, மாறும். அதனால்தான் 'உணரி' வேண்டாம், 'உணர்தல்' என்கிறேன்.

இதைக் கடல் பனிக்கட்டியின் மேல் விரித்துப் பாருங்கள். (கடற்பனி என்றால் மார்கழி மூட்டம்போல் தோன்றும், பனிப்பாறை என்பதோ நிலத்துப் பனியாற்றிலிருந்து உடைந்து வந்த நன்னீர்க் கட்டி. இரண்டும் வேண்டாம்.) பனிக்கட்டியில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் அது பலகைபோல் வளைந்து அதிரும்; அந்த அதிர்வை இழை உணரும். அந்த வளைவலையில் உயர்ந்த சுருதி முந்தி ஓடும், தாழ்ந்தது பின்னால் வரும். உறைந்த ஏரி விரிசல் விடும்போது 'பியூ' என்று கீழிறங்கும் ஓசை கேட்பது இதனால்தான். பனிக்கட்டி தடிக்கத் தடிக்க அலையின் வேகமும் கூடும்; அதிலிருந்து தடிமனைக் கணக்கிடலாம். பக்கவாட்டில் ஓடும் வேறு அலைகள் யங் குணகத்தை, அதாவது பனிக்கட்டி எவ்வளவு விறைப்பானது என்ற அளவை, தரும். துளை போட்டுப் பார்த்தால் அந்த ஒரு துளையின் தடிமன்தான் தெரியும். இழையோ தான் போகிற தூரம் முழுக்கத் தடிமனைச் சொல்லும்.

அலாஸ்காவின் ஒலிக்டோக் முனைக்கு அப்பால், ஆர்க்டிக் பெருங்கடலைச் சேர்ந்த போஃபோர்ட் கடலின் அடியில், தகவல் தொடர்புக்காகப் போட்ட கேபிள் ஒன்று கிடக்கிறது. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தார் 2021-இல் அதன் கரைமுனையில் லேசர் துடிப்பை அனுப்பும் கருவியை மாட்டி, மேலே கடல் உறைவதைக் கவனித்தார்கள். கடலுக்குள் புதிதாக எதையும் அவர்கள் இறக்கவில்லை.