நஞ்சைத் தின்னப் பழகிய டாப்னியா

ஏரியில் படரும் நச்சுப் பாசியைத் தின்று தீர்க்கிற உயிர் எதுவும் இல்லையா, மருந்து தெளித்துத்தான் ஆகவேண்டுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மயில்துத்தம் தெளித்தால் பாசி சாகும், சரி, ஆனால் செல் உடைந்து உள்ளே இருந்த நஞ்செல்லாம் ஒரேயடியாகத் தண்ணீரில் கலந்துவிடும். அதோடு பாசியைத் தின்னும் டாப்னியா என்ற சிறு நீருயிரும் சேர்ந்து செத்துப்போகும். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் குஞ்சுகளுக்கு உயிருணவாகப் போடுவார்களே, அதே டாப்னியாதான்.

இரண்டு மூன்று மில்லிமீட்டர் உடம்பு, அதுவும் ஊடுருவித் தெரியும். நுண்ணோக்கியில் வைத்தால் இதயம் துடிப்பதையும் தின்ற பாசி குடலில் பச்சைக் கோடாக நிற்பதையும் பார்க்கலாம். கால்களை ஓயாமல் அடித்துத் தண்ணீரை இழுத்து, காலிலுள்ள நுண்மயிர்களால் சல்லடை போலச் சலித்து, சிக்கியதை விழுங்கும். பொறுக்கித் தின்னத் தெரியாது, அங்கேதான் சிக்கல். மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசியும் (உண்மையில் அது பாக்டீரியா) வாய்க்குள் போய்விடும், அதன் நஞ்சு டாப்னியாவின் வளர்ச்சியை முடக்கும்.

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் பங்கிட்டுக்கொள்ளும் கான்ஸ்டன்ஸ் ஏரியில் சாக்கடையும் சோப்புத்தூளும் கலந்து, 1970களின் கடைசியில் பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ் லிட்டருக்கு 80 மைக்ரோகிராமைத் தாண்டியது. நீலப்பச்சைப் பாசியும் பெருகியது. டாப்னியா என்ன ஆனது?

பதில் ஏரியின் அடிச்சேற்றில் இருந்தது. நல்ல காலத்தில் பெண் டாப்னியா ஆண் துணையே இல்லாமல் தன் நகல்களைப் பெற்றுக்கொண்டே போகும். பட்டினியோ நெரிசலோ வந்தால்தான் ஆண்கள் பிறக்கும், அப்புறம் இணைசேர்ந்து, கெட்டியான உறைக்குள் இரண்டே இரண்டு முட்டை. தாய் சட்டையுரிக்கும்போது அந்த உறை கழன்று அடியில் போய்ப் படியும். அதன்மேல் ஆண்டுக்காண்டு வண்டல் ஏற, முட்டைகள் காலவரிசைப்படி உறங்கும், பல பத்தாண்டுகள் ஆனாலும் உயிர் போகாமல். அமெரிக்கச் சூழலியலாளர் நெல்சன் ஹேர்ஸ்டன் குழுவினர் சேற்றை அடுக்கு கலையாமல் எடுத்து, 1960களில் இட்ட முட்டைகளையும் பிந்தைய காலத்து முட்டைகளையும் ஒரே ஆய்வகத்தில் பொரிக்கவைத்து, அவற்றின் வழிவந்த குஞ்சுகளுக்கு நச்சு மைக்ரோசிஸ்டிஸ் கலந்த தீனி கொடுத்தார்கள். பழைய வம்சத்தின் வளர்ச்சி வெகுவாகக் குன்றியது, பிந்தைய வம்சம் அதே தீனியில் நன்றாகவே வளர்ந்தது. பரிணாமம் என்றால் லட்சக்கணக்கான ஆண்டு ஆகும் என்று நினைக்கிறோம். இங்கே ஒரு மனித ஆயுளுக்குள்ளேயே நடந்துமுடிந்து, அதற்கு உயிருள்ள சாட்சியும் கிடைத்தது! 1999இல் வெளியான இந்த ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இதுபோல 'உடனடிப் பயன்' எழுதிக்காட்ட முடியாத ஆராய்ச்சிக்குத்தான் அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

ஆனால் டாப்னியாவை வாளியில் கொண்டுபோய்க் கொட்டினால் ஏரி தெளிந்துவிடாது. சிறு மீன்கள் அதிகமிருந்தால் டாப்னியாவைத் தின்றே தீர்த்துவிடும், அந்த மீன்களைப் பிடிக்கப் பெரிய மீன்கள் வேண்டும். பாஸ்பரஸ் வந்துகொண்டே இருந்தால் பாசி வளரும் வேகத்துக்கு எந்த டாப்னியாவாலும் ஈடுகொடுக்க முடியாது. கான்ஸ்டன்ஸில் மூன்று நாடுகளும் சாக்கடையைச் சுத்திகரித்த பிறகுதான் பாஸ்பரஸ் 10 மைக்ரோகிராமுக்கும் கீழே இறங்கியது.