பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி: எத்தனை தோட்டா வைத்திருக்கலாம்? ஏற்காடு விவசாயிகளுக்கான விளக்கம்

துப்பாக்கி உரிமம் கையில் இருந்தால் தோட்டா எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கி வைக்கலாம் என்று சேர்வராயன் மலையில் இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உரிமத்தை ஒரு முறை நிதானமாகப் படித்தாலே அந்த நினைப்பு போய்விடும். ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை தோட்டா கைவசம் வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்று அதில் இரண்டு எண்கள் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நீங்கள் கட்டுப்பட்டவர். ஆண்டுக் கணக்கில் மிச்சம் இருந்தாலும், வீட்டில் இருப்பதோடு புதிதாக வாங்குவதும் சேர்ந்து முதல் எண்ணைத் தாண்டக் கூடாது.

சேலத்தில் உரிமம் பெற்ற கடையில் தோட்டா வாங்கும்போது கடைக்காரர் தேதி, வகை, எண்ணிக்கை எல்லாவற்றையும் பதிவேட்டிலும் உங்கள் உரிமத்திலும் எழுதுகிறார். புதுப்பிக்கும் நேரத்தில் அலுவலகத்தில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். எதை எங்கே சுட்டீர்கள் என்று கேட்டால் சொல்லப் பதில் வேண்டும். ஒரு நோட்டில் கணக்கு எழுதி வைப்பது உங்களுக்குத்தான் நல்லது.

மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கவலைதான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து ஏற்காடு சாலையில் போக்குவரத்து நின்றதை எல்லோரும் பார்த்தோம். ஆனால் அவசரகால இருப்பு என்ற பெயரில் எண்ணிக்கையை நீங்களாகவே கூட்டிக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. கூடுதல் தேவை என்றால் காரணத்தை எழுதி உரிமம் வழங்கிய அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஏற்காடு, வாழப்பாடி போன்ற பகுதிகளுக்கு அது மாவட்ட ஆட்சியர். சேலம் மாநகரக் காவல் எல்லைக்குள் இருப்பவர்களுக்குக் காவல் ஆணையர். விளையாட்டுப் போட்டிகளில் சுடுபவர்களுக்கு ஆயிரக்கணக்கில் அனுமதிக்கிறார்களே என்று வாதாட வேண்டாம். அது தேர்ச்சி பெற்ற வீரர்களுக்கான தனி விதி.

இருப்பு வைப்பதில் நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. ஏற்காட்டுப் பனியில் பித்தளை அடிப்பாகம் பச்சைக் களிம்பு ஏறிப்போகும். பழைய அட்டைத் தோட்டா ஈரம் குடித்து உப்பி, குழலுக்குள் நுழையாமல் நிற்கும். குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி என்றால் கேட்கவே வேண்டாம். நமத்துப்போன கரிமருந்து தேவைப்படும் நேரத்தில் காலை வாரிவிடும்.

காலித் தோட்டாவில் மருந்தும் ரவையும் அடைத்து வீட்டிலேயே தயாரிப்பதுதான் உண்மையான ஆபத்து. 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ‘அம்யூனிஷன்’ (தோட்டா, வெடிமருந்து வகைகள்) என்பதற்குத் தரப்பட்டிருக்கும் விளக்கம் தோட்டாவோடு நிற்கவில்லை. தோட்டாவின் பாகங்களும் அதைத் தயாரிக்கும் இயந்திரமும் அதற்குள் வருகின்றன. அதாவது, தோட்டா அடைக்கும் கைக்கருவியை ஆன்லைனில் வரவழைத்து அலமாரியில் சும்மா வைத்திருந்தாலும் கேள்வி எழும். உரிமமின்றித் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை; ஆயுள் வரைக்கும் போகலாம். நூறோ இருநூறோ மிச்சம் பிடிக்கப் போய் மாட்டிக்கொள்ளும் விஷயமா இது?

பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு நாலு தோட்டா கைமாற்றாகக் கொடுப்பதும் தப்பு. அவரிடமும் உரிமம் இருந்தால்கூட, 45 நாட்களுக்கு முன்பே மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்துமூலம் தெரிவித்த பிறகே தர முடியும். உரிமம் இல்லாதவர் என்றால் பேச்சுக்கே இடமில்லை. ஜெர்கின் பையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவோடு காமலாபுரம் விமான நிலையத்துக்குப் போய் நின்றால் சோதனையில் பிடிபடுவீர்கள், விமானமும் போய்விடும்.

இந்தத் துப்பாக்கி எதற்குத் தரப்படுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கு வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கச் சட்டத்தின் 13 ஆவது பிரிவு வழி செய்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால், வழவழப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம். ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தாத்தா காலத்துத் துப்பாக்கியும் அந்தக் கணக்கில்தான் வரும். உரிமம் ஐந்து ஆண்டுகளுக்கு. குடகில் காபி விவசாயிகளுக்கு உரிமமே வேண்டாமாமே என்று இங்குள்ளவர்கள் பெருமூச்சு விடுவதுண்டு. அது குடகு இனத்தவருக்கும் ஜம்மா எனப்படும் பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் மட்டும் 2029 வரை தரப்பட்டிருக்கும் விலக்கு. சேர்வராயன் காபிக்கு அது பொருந்தாது.

இதில் எதுவும் வேட்டைக்கான அனுமதி அல்ல. காபித் தோட்டத்துக்குள் இறங்கும் காட்டெருமை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை. காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி திறந்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கைவைக்கக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் சுடலாம். சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர், நீங்கள் அல்ல. கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனத்துறை ஊழியர் கொண்ட குழுவிடம் மனு கொடுப்பதுதான் உங்கள் வேலை. காடு ஒட்டிய ஏற்காட்டு ஊர்கள் பலவற்றுக்கு இந்த மூன்று கிலோமீட்டர் தூரமே எட்டாக்கனி என்பது வேறு விஷயம். அதற்காக அவுட்டுக்காய் (விலங்கு கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி) வைத்தால் வெடிபொருள் வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

பயிர் சேதமானால் அந்த இடத்தைக் கலைக்காமல் படம் எடுத்து, சேர்வராயன் வடக்கு அல்லது தெற்கு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள். பட்டா நகலும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் உடன் இருக்கட்டும். தாமதித்தால் குளம்புத் தடம் மழையில் கரைந்துவிடும், பிறகு எந்த விலங்கு மேய்ந்தது என்பதை நிரூபிப்பது கடினம்.

பழுதான தோட்டாவைக் கிணற்றிலோ அடுப்பிலோ போட வேண்டாம். உரிமம் பெற்ற கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். உரிமதாரர் இறந்துவிட்டாலும் இதே முறைதான். உரிமம் அவர் பெயரில் இருந்தது. அவருக்குப் பிறகு மேசை இழுப்பறையில் கிடக்கும் தோட்டாக்களுக்கு வீட்டில் இருப்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே காரியங்கள் முடிந்த கையோடு துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒப்படைத்துவிட்டு, வாரிசு பெயரில் தொடர வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.